இடைநின்றார்

எம் தமையனார் தெலுங்குப் பெண்ணை மணந்த நாள்தொட்டு, அன்னையார்க்கும் அண்ணியார்க்கும் மொழிபெயர்ப்பாளராய் நின்றவர் யாமே. அன்னையார் தமிழன்றிப் பிறிதறியார். அண்ணியார்க்கும் எமக்கும் ஆங்கிலம் பொது. ஒருவர் கடுஞ்சொல்லை மற்றவர்க்கு இன்சொல்லாக்கி உரைத்தோம். அதனை அறமென எண்ணிச் செருக்குமுற்றோம். ஆயினும், ஈராண்டு கழிந்தும் அவ்விருவரும் முகம் நோக்கிப் பேசிற்றிலர்.

சென்ற விடுமுறையில் சால்வடார் மினுச்சின் என்னும் குடும்ப உளமருத்துவரைப் பற்றிப் பயின்றோம். உருசியாவினின்று குடிபெயர்ந்த யூதர்தம் மகனாய் 1921-இல் அர்ஜென்டினாவிற் பிறந்த அவர், இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் பணியாற்றி 2017-இல் மறைந்தார். பிணங்கிய குடும்பத்தாரைத் தம்மிடம் முறையிட விடாது, ஒருவரோடொருவர் நேரே பேசப் பணித்தல் அவர் முறை. இடைநிற்போரை இருக்கை மாற்றி அமர்த்துதலும் உண்டு. அவ்விருக்கை எமதே என உணர்ந்து நாணினோம்.

மறுநாள் அடுக்களையில் அன்னையார், "அவளிடம் சொல்லப்பா" எனத் தொடங்கினார். யாம் வாளாது கொல்லைப்புறஞ் சென்றோம். நெடுநேரம் ஓசையில்லை. பின்பு அன்னையார், "உப்பு" என்றார். "உப்பு" என்று அண்ணியாரும் எடுத்து நீட்டினார். இருவரும் நகைத்தனர்.

இரு மொழிக்கும் பொதுவாகிய அச்சொல்லை, மொழிநூல் பயிலும் யாம் அவர்கட்கு ஒருநாளும் சொல்லிற்றிலேம்.