பிழை சொன்ன உண்மை

பிழை என்றாலே முகம் சுளிப்பவன் நான். அந்தப் பிழையே ஒருநாள் எனக்கு ஆசானாயிற்று.

மதிப்பெண் சீட்டு அச்சிடும் நிரல் ஒன்று என்னிடம் இருந்தது. மாணவர் ஒவ்வொருவருக்கும் அதை இயக்க, பைதான் மொழியில் ‘சப்ப்ராசஸ்’ கொண்டு இன்னொரு நிரல் எழுதினேன். பதிவெண்ணையும் மதிப்பெண்ணையும் பட்டியலில் அடுக்கி அனுப்பினேன். உடனே ‘டைப்எரர்’! எழுத்துச்சரம் வேண்டிய இடத்தில் எண் வந்துவிட்டதாம்.

காரணம் பிறகுதான் விளங்கியது. ஒரு நிரல் மற்றொன்றைத் தொடங்கும்போது எழுத்துச்சரங்களை மட்டுமே கொடுத்தனுப்ப முடியும். 72 என்னும் எண்ணும் ‘7’, ‘2’ என்ற எழுத்துகளாகவே போக வேண்டும்.

அவசரத்தில் அனைத்தையும் ‘எஸ்டிஆர்’ கட்டளையால் எழுத்துச்சரமாக்கினேன். பிழை மறைந்தது, மகிழ்ந்தேன். ஆனால் தேர்வுக்கு வராத மாணவி ஒருவரின் சீட்டில், மதிப்பில்லாமையைக் குறிக்கும் ‘நன்’ என்ற சொல்லே மதிப்பெண்ணாக அச்சாகியிருந்தது! நான் மாற்றாதிருந்தால் பைதானே அதைத் தடுத்திருக்கும்.

இப்போது மதிப்பு உண்டா என்று முதலில் பார்க்கிறேன். இல்லையெனில் ‘வரவில்லை’ என்று அனுப்புகிறேன். எண்களை மட்டுமே மாற்றுகிறேன்.

நண்பர்களே, பிழையின் வாயை அடைக்குமுன் அது சொல்வதைச் சற்றுக் கேட்போம்!