அசையும் சொல்லும்

சென்ற கோடை விடுமுறையில் யான் வடக்குப்பட்டிலுள்ள எங்கள் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. தமிழ் ஆனர்ஸ் பயிலும் பிள்ளை என்ற பெருமையும் உடன் எழுந்தது. பாடம் லேவியராகமம் முதலதிகாரம். அதில் ‘சர்வாங்கதகனபலி’ என்னும் நெடுஞ்சொல் எதிர்ப்பட்டது. யான் சிறிதும் தயங்காது, ‘சர்வாங்கத கனபலி’ என்று கம்பீரமாக வாசித்துவிட்டேன்.

வீடு திரும்பியதும் என் பாட்டியார், “ஏன் கண்ணு, அது என்ன கனபலி? நான் கேட்டதே இல்லையே!” என்றார். அவர் எழுத்தறியாதவர், வேதத்தைச் செவியாலேயே கற்றவர். எனக்கு நாணம் மேலிட்டது.

பிழையின் காரணத்தை ஆராய்ந்தேன். சர்வ, அங்க, தகன, பலி என்னும் நான்கு சொற்கள் இணைந்தது அத்தொடர். உடல் முழுவதையும் எரித்துச் செலுத்தும் பலி என்பது பொருள். ஆனால் அதனை அசை பிரித்தால், சர்-வாங்-கத-கன-பலி என, நேர் நேர் நிரை நிரை நிரையாக நிற்கும். என் நா அசை பிரிந்த இடத்தில் நின்றது. பொருளோ வேறிடத்தில் நின்றது. அன்றியும், ‘தகன’ என்பதன் இடையில் மெலிந்தொலிக்க வேண்டிய ககரம், யான் நிறுத்தியமையால் மொழிமுதலாகி வலிந்தொலித்தது. யாப்பிலக்கணம் பயின்ற பழக்கமே என்னை வழுக்கியது போலும்!

எம்மூர்ப் பெயரும் இத்தகையதே. வடக்-குப்-பட்-டு என்பது அசை. வடக்கு, பட்டு என்பன சொற்கள். இடையே மிகுந்த பகரமெய் ஓசையால் முன்னசையைச் சாரினும், பின்சொல்லின் முதலெழுத்தைக் காக்கவே தோன்றியது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு வரும் பிறமாநிலத்து அன்பர் சிலர் அதனை விடுத்து ‘வடக்குபட்டு’ என்பர். உடனே பகரம் ‘கபம்’ என்பதிற்போல மெலிந்துவிடுகின்றது.

இவ்விடர் நமக்கு மட்டுமோ எனின், அன்று. நார்வே நாட்டாரும் சொற்களைச் சேர்த்தே எழுதுவர். ‘அர்பெய்த்’ என்பது வேலை, ‘ப்ளாஸ்’ என்பது இடம்; இணைப்பில் ஒரு ஸகரம் தோன்ற, பணியிடம் என்னும் ஒரு சொல்லாகும். முதற்சொல்லை அழுத்தியும் பின்னதைச் சற்றுத் தளர்த்தியும் ஒலிப்பர். ‘லம்மெலோர்’ எனச் சேர்த்தெழுதினால் ஆட்டுக்குட்டியின் தொடையிறைச்சி. ‘லம்மெ லோர்’ எனப் பிரித்தால் முடங்கிய தொடைகள்!

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். ‘செம்பொன்பதின்றொடி’ என்பது உரையாசிரியர் காட்டும் பழைய உதாரணம். ‘செம்பொன்’ என நிறுத்தினால் பத்துத் தொடி பொன். ‘செம்பு’ என நிறுத்தினால் ஒன்பது தொடி செம்பு. எழுத்து ஒன்றே, பொன்னையும் செம்பையும் வேறுபடுத்துவது வாசிப்போன் குரலே. வகுப்பில் இதனைக் கேட்டு நகைத்தவன் யான். ஆலயத்தில் பொன்னைச் செம்பாக்கியவனும் யானே.

அடுத்த வாரமும் வாசிப்பு எனக்கே கிடைத்தது. சனிக்கிழமை மாலை பாட்டியாரை அருகிருத்தி, பாடத்தை ஒருமுறை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டிடத்தில் கை உயர்த்தித் தடுத்தார். இரண்டிடத்திலும் பிழை என்னுடையதே. புத்தகம் கையிலுள்ளவர் பிழையைக் கண்ணால் திருத்திக்கொள்வர்; அவரைப் போன்றார்க்கு வாசிப்பவன் குரலன்றி வேறு புத்தகம் இல்லை. ஆதலின் நெடுஞ்சொல்லைக் காணுந்தோறும், இப்பொழுதெல்லாம் முதலில் பொருளைத் தேடிவிட்டே வாய் திறக்கின்றேன்.