மீன்கடையில் ஒரு மதுப்பட்டியல்

பிளவக்கல்லில் மீன் கிடைக்கும். திராட்சை மது கிடைக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு, கூமாப்பட்டி வழியாக மலையடிவாரம் நோக்கிச் செல்வோர் பெரியாறு, கோவிலாறு என்னும் இரு நீர்த்தேக்கங்களையும் காண்பர். 2025இல் பரவிய காணொளிகளால் கூமாப்பட்டியின் பெயரைத் தமிழகமே அறிந்துகொண்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அணைமீனுக்காக அவ்வழி நடந்தவர்கள் நாங்கள். கட்லாவோ ஜிலேபிக் கெண்டையோ, மிளகாய்த்தூள் பூசி எண்ணெயில் பொரித்து, வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் வைத்துத் தருவார்கள். தொண்டை எரிந்தால் பன்னீர் சோடா. அங்கே யாரும் மதுப்பட்டியல் கேட்பதில்லை. கேட்டாலும், உரிமம் இன்றி உணவோடு மது பரிமாறத் தமிழகச் சட்டம் இடந்தராது.

ஆயினும் அணைக்கரையில் நின்று மேற்கே பார்க்கும்போதெல்லாம் ஒரு நினைவு எழும். அந்த மலைத்தொடரின் மறுபுறத்தில்தான் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பந்தல் பந்தலாகப் பன்னீர்த் திராட்சை தொங்குகிறது. 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்த கொடி அது என்பர்; 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. மலைக்கு இப்புறம் மீன், அப்புறம் திராட்சை. இரண்டுக்கும் நடுவே நேர்ச்சாலை இல்லை. ஆண்டிபட்டியைச் சுற்றித்தான் போகவேண்டும்.

மீனும் திராட்சை மதுவும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பதை நாங்கள் முதன்முதல் கண்டது புதுச்சேரியில். உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்றிருந்தோம். அது ஒன்றியப் பகுதி ஆதலால் அங்கே மதுச்சட்டமும் வேறு. கடலோரத்தில் ஓர் எளிய உணவகம். நெகிழி நாற்காலிகள், கரும்பலகையில் அன்றைய மீன்களின் பெயர்கள். கணவன் மனைவியாகிய நாங்களும் எங்கள் தம்பியும் அவர் துணைவியும் அமர்ந்தோம். அழைத்துச் சென்ற இளைஞர், பெரியவர்கள் என்ற மரியாதையில், தோலட்டை போட்ட ஒரு பட்டியலை எங்கள் கையில் கொடுத்து, “நீங்களே பாத்துச் சொல்லுங்க பெரியப்பா” என்றார்.

பட்டியலைப் பார்த்துத் தரம் சொல்வது புதிய கலை அன்று. கானாவூர்த் திருமணத்தில் பந்தி மேற்பார்வையாளர் செய்தது அதுவே. எங்கிருந்து வந்தது என்று அறியாமலேயே சுவைத்தார். நல்லது எது என்று நாவினால் மட்டும் சொன்னார். எங்களுக்கோ நாவுக்கு முன்னே அட்டை வந்துவிட்டது. ஆகையால் அட்டையைத்தான் படித்தோம்.

பதினான்கு பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்பது சிவப்பு, நான்கு வெள்ளை, ஒன்று நுரைக்கும் வகை. மீன் மட்டுமே சமைக்கும் கடையில் ஒன்பது சிவப்பு ஏன்? சிவப்புத்தான் உயர்ந்தது, அதுவே உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கடைக்காரர் அதற்கு இணங்கிவிட்டார் போலும். மீனுக்கு வெள்ளை என்பது வெறும் வெள்ளைக்காரச் சம்பிரதாயம் என்று நினைப்பவர் உண்டு. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உலர்ந்த சிப்பிச் சதையுடன் பலவகைத் திராட்சை மதுக்களைச் சுவைத்துச் சோதித்தனர். வாயில் கவிச்சை எழக் காரணம் மதுவில் கரைந்துள்ள இரும்புச்சத்தே என்று கண்டனர். லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராமுக்கு மேல் போனால் கவிச்சை மிகுகிறது. நிறத்தின்மேல் குற்றமில்லை, ஆனால் சிவப்பு வகைகளில் இரும்பு பெரும்பாலும் கூடுதலாக இருக்கிறது. மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்களோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது மிளகாய். இதைப் பற்றி மேனாட்டு நூல்கள் அதிகம் பேசுவதில்லை, நமக்கோ இதுவே தலையாயது. சாராயச்சத்து மிளகாயின் எரிச்சலைத் தணிப்பதில்லை, தூண்டிவிடுகிறது. சிவப்பில் உள்ள துவர்ப்பும் அவ்வாறே. எரிச்சலைத் தணிப்பவை இலேசான இனிப்பும் குளிர்ச்சியும். ஆகவே நம் ஊர் மீன்வறுவலுக்கு ஏற்றது வீரியம் குறைந்த, சற்றே இனித்த, நன்கு குளிர்ந்த வெள்ளை வகை. நாசிக்கில் 1999இல் தொடங்கிய சுலா நிறுவனத்தின் ‘செனின் பிளாங்க்’ அந்தப் பட்டியலில் இருந்தது. பொருத்தமான பெயர்தான். கடைசியில், மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத் திராட்சையும் இருந்தது. கம்பம் என்ற பெயர் எங்கும் இல்லை.

விலையை அடுத்துப் பார்த்தோம். ஒரு புட்டி 750 மில்லி லிட்டர்; 150 மில்லி கிண்ணமாக ஊற்றினால் ஐந்து வரும். கிண்ணத்தின் விலையை ஐந்தால் பெருக்கிப் புட்டி விலையோடு ஒப்பிட்டால் கடையின் மனம் தெரிந்துவிடும். இரண்டுக்கும் இடைவெளி மிகுந்தால், ஒரு கிண்ணத்தோடு எழுந்து போகிறவனை அக்கடை விரும்பவில்லை என்று பொருள். அந்தப் பட்டியலில் கிண்ண விலை இரண்டே வகைகளுக்குத்தான் இருந்தது. கிண்ணத்தின் அளவோ, மதுவின் வீரியமோ, அறுவடை ஆண்டோ எங்கும் குறிக்கப்படவில்லை. பரிமாறும் பையனிடம், “கிண்ணத்துக்கு எவ்வளவு தம்பி ஊத்துவீங்க?” என்று கேட்டோம். “பாத்து ஊத்துவோம் சார்” என்றான்.

அளவைப் பற்றி நாங்கள் இவ்வளவு கேட்டதற்குக் காரணம் எங்கள் மேசையிலேயே இருந்தது. எங்கள் தம்பி குடியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முந்தைய ஆண்டுகளை இங்கே எழுதப்போவதில்லை. நம் பங்குகளில் எந்த அன்பியத்திலும் அத்தகைய ஒரு வீடு உண்டு, வாசகர் அறிவர். அவர் குடித்தது திராட்சை மது அன்று. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003ஆம் ஆண்டு இறுதியில் சில்லறைக் கடைகளையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பிருந்த தனியார் கடைகளை மக்கள் ‘ஒயின்ஷாப்’ என்றார்கள். இன்றும் பலர் அப்படியே சொல்கிறார்கள். அங்கே விற்றதும் விற்பதும் பெரும்பாலும் பிராந்தி. பீடத்தில் ஒப்புக்கொடுக்கப்படும் ஒன்றின் பெயரும் குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய ஒன்றின் பெயரும் நம் தெருமொழியில் ஒரே சொல்லாகிவிட்டன.

அந்தக் குழப்பம் எதிர்ப்புறமாகவும் வேலை செய்கிறது. திராட்சை இரசந்தானே, அது மது ஆகுமா என்கிறவர்கள் உண்டு. கணக்குப் பார்ப்போம். நூற்றுக்கு 12.5 பங்கு வீரியமுள்ள 150 மில்லி திராட்சை மதுவில் ஏறக்குறைய 15 கிராம் சாராயச்சத்து இருக்கிறது. 42.8 பங்கு வீரியமுள்ள பிராந்தியில் 44 மில்லி குடித்தாலும் அவ்வளவே. வயிற்றுக்குள் போனபின் நாசிக் என்றும் பிரான்சு என்றும் உடம்பு கேட்பதில்லை. எவ்வளவு குறைவாயினும் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனமும் 2023இல் சொல்லிவிட்டது. குடிக்கிறவர் இதை அறிந்து குடிக்கட்டும் என்பதே எங்கள் கருத்து. அதற்குத்தான் வீரியத்தையும் அளவையும் அட்டையில் அச்சிட வேண்டும். மீனுக்கு எடை சொல்கிற கடை, மதுவுக்குச் சொல்லாதது எப்படி நியாயமாகும்?

இளைஞர் வற்புறுத்தினார். நாங்கள் தம்பியின் முகத்தைப் பார்த்தோம். “நீங்க சாப்பிடுங்க மதினி, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. கிளாசை மட்டும் எம்பக்கம் வைக்காதீங்க” என்றார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கிண்ணம் செனின் பிளாங்க் சொன்னோம். வந்தது. குளிர்ச்சி போதவில்லை; புட்டியைத் திறந்து சில நாள் ஆகியிருக்க வேண்டும், பழவாசம் போய் அறுத்து வைத்த ஆப்பிளின் வாசம் ஏறியிருந்தது. அப்படி இருந்தும் வஞ்சிர வறுவலின் காரத்துக்குப் பின் ஒரு மிடறு இதமாகவே இறங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெயரைத் தேர்ந்தவர் தவறவில்லை. புட்டியைக் காத்தவர் தவறினார்.

“அந்த அட்டைய இங்க தாங்கண்ணே” என்று தம்பி வாங்கினார். சிவப்புப் பக்கத்தையும் வெள்ளைப் பக்கத்தையும் நிதானமாகப் புரட்டிக் கடைசிப் பக்கத்திற்கு வந்தார். அங்கே புட்டித் தண்ணீரும் இரண்டு குளிர்பானங்களும் மட்டும் இருந்தன. குடிப்பவனுக்குப் பதினான்கு, குடிக்காதவனுக்கு மூன்று, அவற்றுள் ஒன்று தண்ணீர். நன்னாரி இல்லை, மோர் இல்லை. எலுமிச்சை சமையற்கட்டில் கூடை நிறைய இருந்திருக்கும்; அட்டையில் இல்லை. பட்டியல் எழுதியவர் இப்படி ஒருவர் மீன் தின்ன வருவார் என்று நினைத்தே பார்க்கவில்லை. ஒன்பது சிவப்பைவிட இக்குறையே எங்களுக்குப் பெரிதாகப் பட்டது.

தம்பி பையனை அழைத்து உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கிடைக்குமா என்று கேட்டார். பையன் நல்லவன்; உள்ளே ஓடிப் பிழிந்து கொண்டுவந்தான். விருந்தினருக்குச் சிறப்புச் செய்யும் எண்ணத்தில் நீண்ட காலுள்ள மதுக்கிண்ணத்திலேயே ஊற்றிக் கொண்டுவந்தான். தம்பி அதைச் சற்று நேரம் பார்த்தார். “எவர்சில்வர் டம்ளர் இருக்காப்பா?” என்று கேட்டு, மாற்றி ஊற்றி வாங்கிக்கொண்டார். அதன்பின் வஞ்சிரத்தின் நடுத்துண்டை எடுத்து எங்கள் இலையில் வைத்தார்.