கட்டுதல் என்னும் வினை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்னும் பழமொழி பெரும்பாலும் பணக்கணக்குப் பேசும்போதுதான் வருகிறது. கையிருப்புக் கரைந்ததையும், கடன் வளர்ந்ததையும், மேஸ்திரி சொன்ன நாளில் வராததையும் சொல்லி அலுத்தவர்கள் இறுதியில் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவர். அதிலுள்ள வினைச்சொல்லை எவரும் நின்று பார்ப்பதில்லை. தமிழில் மாட்டைத் தறியில் பிணைப்பதும் கட்டுதல். பூவைச் சரமாக்குவதும் கட்டுதல். விறகைச் சுமையாக்குவதும் கட்டுதல். வீட்டை எழுப்புவதும் கட்டுதல்தான். கல்லின்மேல் கல்லை அடுக்குவது வேறு, கட்டுவது வேறு. அடுக்கியது தன் எடையால் மட்டுமே நிற்கும். கட்டியது பிடிமானத்தாலும் நிற்கும். நிலம் அசையாதிருக்கும்வரை இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. அசைந்த நாள்களில் இந்தியாவின் சில ஊர்கள் அதை உயிர்களைக் கொடுத்துக் கற்றன. வீடு கட்டவோ பழைய வீட்டை மாற்றவோ முனைவோர் அப்பாடத்தைச் செலவின்றிப் பெற்றுக்கொள்ளலாம்.

1993 செப்டம்பர் 30 அதிகாலை, நான்கு மணிக்குச் சற்று முன்னர், மராட்டிய மாநிலத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் நிலம் நடுங்கியது. கணபதி விழா முடிந்து, சிலைகளைக் கரைத்துவிட்டு மக்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரம். பல ஆயிரம் பேர் மாண்டனர். நடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6.2, உலகில் ஆண்டுதோறும் அதனினும் பெரியவை பல நிகழ்கின்றன. அங்கே உயிர்களைப் பறித்தவை வீடுகளே. அவ்வூர்ச் சுவர்கள் இரண்டடி முதல் நான்கடிவரை தடித்தவை. பார்வைக்குக் கோட்டைச் சுவர் போன்றவை. ஆனால் உள்முகத்துக்கு ஒரு கல்வரிசை, வெளிமுகத்துக்கு ஒரு கல்வரிசை, இடையே சிறுகல்லும் மண்ணும் என அவை அடுக்கப்பட்டிருந்தன. இரு வரிசைகளையும் குறுக்கே பிணைக்கும் நீண்ட கல் இல்லை. நடுங்கியபோது இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாகப் பிதுங்கிச் சரிந்தன. மரச்சட்டங்களின்மேல் கனமாகப் பரப்பியிருந்த மண்கூரை உறங்கியவர்கள்மேல் இறங்கியது.

அதே கில்லாரி ஊரில் சேதமின்றி நின்ற கட்டடமும் உண்டு. அதன் சுவர்களில், கதவு சன்னல்களின் தலைமட்டத்தில், கட்டடம் முழுவதையும் இடைவிடாது சுற்றிவரும் ஒரு கான்கிரீட் பட்டை இருந்தது. பட்டையில்லாத கட்டடம் நொறுங்கிக் கிடக்கும் படத்தையும் இக்கட்டடத்தின் படத்தையும் அருகருகே வைத்துப் பொறியியல் ஆசிரியர்கள் இன்றும் பாடம் நடத்துகிறார்கள்.

ஒரு பட்டைக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வருகிறது? தடித்த புத்தகம் ஒன்றை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, அதன் அட்டையில் விரலால் தள்ளினால் எளிதில் சாயும். முதுகுப் பக்கமிருந்து நீளவாக்கில் தள்ளினால் நகருமேயன்றிச் சாயாது. சுவரும் அப்படியே. தன் நீளவாக்கில் வரும் விசையை அது தாங்கும். முகத்தில் வரும் விசைக்கு அது மிக மெலிந்தது. நான்கு சுவர்களும் மூலைகளில் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருந்தால், முகத்தில் தள்ளப்படும் சுவரைப் பக்கத்துச் சுவர்கள் இரண்டும் தம் நீளத்தின் வலிமையால் இழுத்து நிறுத்தும். மூலை பிளந்தால் ஒவ்வொரு சுவரும் தனியே நிற்கும், தனியே விழும். கூடை முடைபவர் எவ்வளவு நெருக்கமாகப் பின்னினாலும் இறுதியில் விளிம்பைச் சுற்றி ஒரு கட்டுப் போட்டே முடிக்கிறார். அக்கட்டு இல்லையேல் கூடை நாலாபுறமும் விரிந்துவிடும். வீட்டுக்கு லிண்டல் மட்டத்துப் பட்டை செய்வதும் அதே வேலைதான்.

ஐ.எஸ். 4326, ஐ.எஸ். 13828 ஆகிய இந்தியத் தர ஆவணங்கள் இப்பட்டைக்கு அளவு வகுத்துள்ளன. குறைந்த அளவு 75 மி.மீ. தடிமன், நீளவாக்கில் 8 மி.மீ. கம்பிகள் இரண்டு, அவற்றைக் குறுக்கே பிணைக்க 150 மி.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. கம்பி. அறையின் நீளமும் நடுக்க மண்டலமும் கூடக் கூட இவையும் கூடும். மூன்று அங்குலக் கலவையும் இரண்டு கம்பிகளும் ஒரு வீட்டின் மொத்தச் செலவில் பெரிய பங்கு அல்ல. ஆயினும் நாடெங்கும் எழும் சிறு வீடுகளில் லிண்டல் துண்டு துண்டாகவே போடப்படுகிறது: கதவின்மேல் ஒன்று, சன்னலின்மேல் ஒன்று. துண்டு லிண்டல் திறப்பின் மேலுள்ள கல்லைத் தாங்கும். சுவரோடு சுவரைக் கட்டாது. ஆகவே வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "லிண்டல் வீட்டைச் சுற்றிவருகிறதா?" என்பதுதான். மூலையில் கம்பி நேராக வந்து நின்றுவிடாமல், வளைந்து அடுத்த சுவருக்குள் போதிய நீளம் சென்று, அங்குள்ள கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

இளகிய மண்ணில் அடித்தள மட்டத்திலும் இத்தகைய பட்டை வேண்டும். ஓட்டுக்கூரை, தகரக்கூரை வீடுகளுக்குச் சுவரின் உச்சியிலும் வேண்டும். சுவர்கள்மேல் முழுதும் அமரும் கான்கிரீட் தளம் அவ்வேலையைத் தானே செய்துவிடும். நடுக்கம் மிகுந்த பகுதிகளில் மூலைகளிலும் கதவு சன்னல் ஓரங்களிலும் அடித்தளத்திலிருந்து உச்சிவரை நிமிர்ந்து செல்லும் கம்பிகள் தேவை. சன்னலை மூலையோடு ஒட்டி வைக்கும் அழகு இன்று பெருகிவருகிறது. சுமையைச் சுவரே தாங்கும் வீட்டில் அது கட்டின் முடிச்சையே அவிழ்ப்பதாகும். மூலையிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளியே திறப்பு அமைய வேண்டும். கருங்கல் சுவராயின், தடிமன் 450 மி.மீ.க்கு மிகாமல், உயரத்தில் 600 மி.மீ.க்கு ஒருமுறையும் நீளத்தில் 1.2 மீட்டருக்கு ஒருமுறையும், சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவும் பிணைகல் வைக்க வேண்டும். கில்லாரியின் சுவர்களில் இல்லாதிருந்தது அந்தக் கல்தான்.

தூண் போட்டுக் கட்டும் வீடுகளுக்கு இக்கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2001 சனவரி 26 காலையில் குசராத்தின் கட்ச் பகுதியில் நிலம் நடுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் விழுந்தன. விழுந்தவற்றுள் பல, வாகனம் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்களில் மட்டும் நின்றவை. மேல்தளங்கள் சுவர்களால் இறுகி ஒரே பெட்டியாக அசைய, அசைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்களின்மேல் விழுந்தது. இன்று தனிவீடுகளும் காருக்காகக் கீழ்த்தளத்தைத் திறந்துவிடுகின்றன. இடம் குறுகிய நகரங்களில் அதைத் தவிர்ப்பது கடினம். ஆனால் அங்குள்ள தூண்களின் அளவையும் கம்பியையும் மேஸ்திரியின் அனுபவத்துக்கு விடாமல் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் கணக்கிட்டு வாங்குவதும், இயன்ற இடங்களில் இருதிசையிலும் சுவர் நிறுத்துவதும் கட்டாயம்.

தூணுக்குள்ளும் ஒரு கட்டு உண்டு. நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றி, வேலைத்தளத்தில் 'ரிங்' என்று அழைக்கப்படும் வளையங்கள் போடப்படுகின்றன. வளையத்தின் இரு முனைகளையும் 135 பாகை வளைத்துத் தூணின் உட்புறம் செருக வேண்டும். 90 பாகையில் மடித்து விடுவது எளிது; வேலையும் விரைவில் முடியும். ஆனால் நடுக்கத்தில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த மடிப்பு திறந்துகொள்ளும், கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் நசுங்கும். தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் வளையம் போடுவது சிரமமாதலால் அங்கே அதை விட்டுவிடும் வழக்கமும் உண்டு. மிகுதியாகக் கட்ட வேண்டிய இடம் அதுவே.

நிலம் நடுங்கும் பகுதிகளின் பழைய கட்டடக்கலைஞர்கள் இவற்றை ஆவணமின்றி அறிந்திருந்தனர். காஷ்மீரின் தஜ்ஜி தேவாரி, மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் பிணைத்து, இடைவெளிகளைச் செங்கல்லாலோ கல்லாலோ நிரப்பும் முறை. இமாசலத்தின் காத் குனி வீடுகளில் கல்வரிசைக்கு மேல் மரவரிசை, மூலைகளில் மரம் மரத்தைக் கவ்வும். 1897இன் பெரும் நடுக்கத்துக்குப் பின் அசாமில் பரவிய வீடுகள் மரச்சட்டமும், இக்ரா நாணல் மேல் பூசிய சுவரும், எடை குறைந்த கூரையும் கொண்டவை. கட்ச்சின் வட்டவடிவ பூங்கா வீடுகளில் பல 2001இல் நிலைத்து நின்றன. வட்டத்துக்குப் பிளக்க மூலை இல்லை. ஆனால் பழமை மட்டுமே காக்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டலாகாது. கில்லாரியின் கல்வீடுகளும் பழைய முறையில் எழுந்தவைதாம். காத்தவை இரண்டு: பிணைப்பும் குறைந்த எடையும்.

சிமெண்டும் ஒரு கட்டே. மணலையும் சல்லியையும் ஒன்றாகப் பிடிப்பது அது. அந்தப் பிடியைத் தளர்த்துவது பெரும்பாலும் தண்ணீர். 50 கிலோ மூட்டைக்கு, மணலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, 25 முதல் 30 லிட்டர் போதும். கலவை எளிதில் ஓட வேண்டும் என்பதற்காகக் குடம் குடமாக ஊற்றினால், மிஞ்சிய நீர் உலர்ந்த இடமெல்லாம் நுண்துளையாகும். இறுகத் தொடங்கிய பிறகு நிலைமை நேர்மாறு: அப்போது நீர் எவ்வளவு தந்தாலும் நன்று. இப்போது கடைகளில் பெரிதும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்துவோர் தூணை மறந்துவிடுகிறார்கள். ஈரச்சாக்கு சுற்றிய தூண்களைக் கண்டால் அந்த வீட்டுக்காரர் கவனமானவர் எனலாம்.

பழைய வீட்டைப் புதுப்பிப்போர் அறியாமலே செய்யும் பிழை, கட்டை அறுப்பது. கூடத்தைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுப்பது, குளிர்சாதனக் குழாய்க்காக லிண்டலைத் துளைப்பது, மின்கம்பிக்காகத் தூணைக் கொத்துவது, ஒரு தளத்துக்கு இட்ட அடித்தளத்தின்மேல் இரண்டாம் தளம் ஏற்றுவது எல்லாம் இவ்வகை. 1,000 லிட்டர் நீர்த்தொட்டி மாடியில் ஒரு டன் எடை. அது எந்தச் சுவரின்மேல் அமர்கிறது என்று பார்த்தே வைக்க வேண்டும். மாறாக, பூச்சை உரிக்கும் வேளை கட்டில்லாத வீட்டுக்குக் கட்டுப் போட நல்ல வாய்ப்பு. லிண்டல் மட்டத்தில் சுவரின் இரு முகங்களிலும் பற்றவைத்த கம்பிவலையைப் பட்டையாகச் சுற்றி, சுவரோடு இறுக்கி, சிமெண்டுச் சாந்து பூசும் முறை உண்டு. கல்சுவரில் துளையிட்டு, கம்பி செருகிக் கான்கிரீட்டால் நிரப்பி, இல்லாத பிணைகல்லை உண்டாக்கும் முறையும் உண்டு. தக்க பொறியாளரின் கண்பார்வையில், குடியிருக்கும் வீட்டிலேயே இவற்றைச் செய்ய முடியும்.

எங்கள் ஊரில் நிலம் நடுங்குவதில்லை என்பார்க்கு ஒரு செய்தி. 1993இல் கில்லாரி, அன்றைய வரைபடத்தின்படி, நாட்டிலேயே ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில் இருந்தது. 2002 திருத்தத்தில் அந்த மண்டலமே நீக்கப்பட்டது. சென்னையும் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது. வீட்டுக்காரர் பொறியாளராக வேண்டியதில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியராயிருந்த சி.வி.ஆர். மூர்த்தி எழுதிய நிலநடுக்கக் குறிப்புகள் 24உம் இவற்றையெல்லாம் படங்களோடு எளிதாக விளக்குகின்றன. கம்பி கட்டுபவரிடம் எதைக் காட்டச் சொல்வது என்று அறிய அவை போதும்.

வீடு கட்டுவோரின் நாள்காட்டியில் பூமி பூசை இருக்கிறது. நிலை வைக்கும் நாள் இருக்கிறது. புதுமனை புகும் நாள் இருக்கிறது. அந்நாள்களில் குடும்பமே மாவிலையும் மஞ்சளுமாகத் திரண்டு வருகிறது. நிலை வைத்த சில நாள்களில், அதன் தலைக்குமேல் லிண்டல் கம்பி கட்டப்படுகிறது. மறுநாள் கான்கிரீட் அதை மூடிவிடும். பிறகு எவராலும் அதைப் பார்க்க முடியாது. அந்த ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வேலைத்தளத்துக்குச் செல்வது நன்று. நான்கு மூலைகளையும் சுற்றிவந்து, கம்பி எங்கும் அறுபடாமல் செல்வதையும் வளையங்கள் உட்புறம் வளைந்திருப்பதையும் பார்த்து, கைபேசியில் படம் எடுத்துவைத்த பின்னரே கலவை ஊற்ற ஒப்புதல் தர வேண்டும். பின்னாளில் அச்சுவரில் துளையிடவோ அதை இடிக்கவோ நினைக்கும் பிள்ளைகளுக்கு, வீட்டுப் பத்திரத்தோடு அந்தப் படங்களும் கைமாற வேண்டும்.