ஏரிக்கரைக் கூலி

பழனி மலைமேல், 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது கோடைக்கானல். அங்குள்ள ஏரி இயற்கை அளித்ததன்று. மதுரைக் கலெக்டர் பதவி வகித்த வேர் ஹென்றி லெவிஞ்சு என்பார் 1863-இல் ஓடைநீரைத் தடுத்து அமைத்ததாகும். முதற்படகையும் அவரே தூத்துக்குடியிலிருந்து கொணர்ந்தார். 1890-இல் தோன்றிய படகுக் கழகம் 1932 முதல் பொதுமக்களுக்கும் இடங்கொடுத்தது. பலரும் ஏறும் படகெனின் கூலியும் வகுத்தாக வேண்டும் அன்றோ?

படகிற்குரியது குதிரைக்கும் பொருந்தும். ஏரிக்கரையில் குதிரைச் சவாரியால் பிழைப்போர் பலர். சித்திரை, வைகாசித் திங்களில் மக்கள் திரளாக வந்து குழுமுகின்றனர். ஐப்பசி மழையிலோ கரை வெறிச்சோடிக் கிடக்கின்றது. ஆயினும் குதிரைக்குக் கொள்ளும் புல்லும் எல்லாத் திங்களிலும் வேண்டும். இதனை அறியாதார், சிறிது நேரச் சவாரிக்கு இத்துணைப் பணமா என்று வியப்பர். வியத்தல் எளிது. எனினும், வெளியூரார் எனக் கண்டதும் கூலியை இருமடங்காக்குதல் அறமன்று. ஏமாந்தவர் மறுமுறை வந்தால் நேர்மையுள்ள குதிரைக்காரரையும் ஐயுறுவர்.

இதனினும் தீயது, போட்டியிட்டுக் கூலியைக் குறைத்துக்கொண்டே போதல். அவ்விழப்பை ஈடுசெய்யக் குதிரை ஓய்வின்றி நடக்கும். தேய்ந்த இலாடம் மாற்றப்படாது. படகோ, பழுது பார்க்கப்படாமலும் உயிர்காப்பு அங்கிகள் போதாமலும் நீரில் இறங்கும். மலிவென்று மகிழ்ந்து ஏறிய குடும்பம் இதனை எங்ஙனம் அறியும்?

ஆதலின் படகுக்காரரும் குதிரைக்காரரும் நகராட்சியாரும் ஓரிடத்தில் அமர்ந்து, தீவனம், பழுது, பாதுகாப்பு, மழைக்காலப் பசி அனைத்தையும் கணக்கிட்டுத் தொகையை வரையறுத்தல் வேண்டும். அதனைப் பெரிய எழுத்தில் பலகையில் தீட்டி, ஏறுமிடத்திலேயே நாட்டுதல் வேண்டும், இறங்குமிடத்தில் அன்று.