சொல்லைத் தேடும் நாவு

40 ஆண்டுகள் உபதேசியாராகப் பணிபுரிந்த எம் தந்தையார், பக்கவாதம் கண்ட மூன்றாம் நாள் தண்ணீர் கேட்க முயன்று, "அது... அது..." என்று தவித்தார். காது கேட்டது; எண்ணம் தெளிவாயிருந்தது; பெயர் மட்டும் வரவில்லை. அன்று மாலை கட்டிலருகே நாங்கள் செபமாலை தொடங்கியபோதோ, மங்கள வார்த்தை செபத்தைத் தட்டுத்தடங்கலின்றி எங்களோடு சொன்னார். புதுமை நிகழ்ந்துவிட்டதென்றே நம்பினோம். அக்காள் வேளாங்கண்ணிக்கு நேர்ச்சையும் செய்துகொண்டாள். செபம் முடிந்ததும் மீண்டும் "அது... அது..."தான்.

பேச்சுப் பயிற்சியாளரான பெண்மணி எங்கள் ஏமாற்றத்தைக் கண்டு நகைக்கவில்லை. பலகாலும் ஓதிப் பழகிய செபமும் பாட்டும் எண் வரிசையும் தாமாகவே ஓடிவரக்கூடும். வேண்டிய சொல்லைத் தேடி எடுப்பது வேறு வேலை என்றார். 1861-இல் பாரிசு நகரையடுத்த பிசேத்ர் மருத்துவமனையில், "டான்" என்னும் ஓசையன்றிப் பெரும்பாலும் வேறேதும் கூற இயலாதிருந்த ஒருவரை மருத்துவர் பால் புரோக்கா கண்டார். அவர் இறந்தபின் ஆராய்ந்தபோது, மூளையின் இடது முன்பகுதி சிதைந்திருந்தது. அம்மனிதருக்குப் பிறர் பேசுவது பெரும்பாலும் விளங்கிற்றாம். இதைக் கேட்டபோதுதான், தந்தையார் முன்னிலையிலேயே அவரைப் பற்றி, ஏதுமறியாக் குழந்தையைப் பற்றிப்போல் நாங்கள் பேசிவந்தது நெஞ்சை உறுத்தியது.

எங்கள் குற்றம் மற்றொன்றும் உண்டு. அவர் வாய் திறக்குமுன்பே சொல்லை எடுத்துக் கொடுத்தோம். அன்பென்று எண்ணியே செய்தோம். அன்பையும் அவசரத்தையும் பிரித்தறிவது அத்தனை எளிதன்று. "காத்திருங்கள்" என்றார் பயிற்சியாளர். அப்பொருள் எதற்குப் பயன்படும், எங்கே இருக்கும் என்று கேட்க வேண்டும். அப்போதும் வராவிடில் முதல் எழுத்தின் ஓசையை மட்டும் தர வேண்டும். அந்த அரை நிமிடம் எங்களுக்குத் தவக்காலம்போல் நீண்டது.

ஒருநாள் செபமாலையை அவர் கையில் கொடுத்து, "இது என்ன, ஐயா?" என்று வினவினார். தந்தையார் மணிகளை உருட்டினார். "எங்கே மாட்டுவீர்கள்?" சுவரில் ஆணி இருக்கும் உயரத்தைக் காட்டினார். "இதை வைத்து என்ன செய்வீர்கள்?" உதடுகள் அசைந்தன. "செ..." என்று ஓசை தந்தார். தந்தையார் கண்களை மூடித் திறந்து, "ஐம்பத்து மூன்று" என்றார்.

பயிற்சியாளர் பிழையென்று குறிக்கப் போனார். எங்கள் ஊர்ப் பாட்டிமார் அதை ஐம்பத்து மூன்று மணி செபம் என்றே சொல்வார்களென்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் முந்திக்கொண்டோம். தந்தையார் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அதையும் அவர் வாயாலேயே சொல்ல விட்டிருக்கலாம்.