ஐயாயிரத்துக்கு மேல் அடங்கும் எஞ்சின்

விழுப்புரம் டீசல் ஊர். 1975-ல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கிய அரசு பஸ் நிறுவனத்தின் தலைமையிடம் இங்கேதான். நிமிடத்துக்கு 2,500 சுற்றை ஒட்டியே ஓய்ந்துவிடும் பஸ் எஞ்சின்களில் கை பழகியவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அப்படி ஒருவர் திண்டிவனத்தில் சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறார். நாம் போனபோது அவர்முன் நின்றது ஒரு பழைய மாருதி எஸ்டீம்.

1,300 சிசி பெட்ரோல் எஞ்சின், பதினாறு வால்வு. கம்பெனிக் கணக்கில் 6,000 சுற்றில் 85 குதிரைத்திறன். எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயக் கார்களில் இருப்பதும் எஸ்டீம் எஞ்சின்தான். அதனால் இளைஞர்களுக்கு இதன்மேல் தனி மயக்கம். இதன் சொந்தக்காரர் ட்ராக்கில் ஓட்டுவதற்காகக் கேம் ஷாஃப்டை மாற்றி, ஹெட்டை ஃபேசிங் செய்து, அகலமான சைலன்சர் பூட்டியிருந்தார்.

“அண்ணே, அஞ்சாயிரம் வரைக்கும் சூப்பரா போவுது. அதுக்கு மேல இழுக்கவே மாட்டேங்குது. ஈசிஎம்மை மாத்திடலாமா?”

“மொதல்ல அளந்து பாப்போம் தம்பி.”

நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் வண்டி நன்றாகவே சீறுகிறது. சுமை ஏறினால்தான் நோய் தெரியும். பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜைக் கோத்து, கண்ணாடிக்கு வெளியே வைப்பருக்குக் கீழே கட்டினார். பக்கத்தில் வீடு எழும்பாத மனைப்பிரிவு ஒன்று இருக்கிறது. அதன் தார்ச்சாலைதான் சோதனைக்கூடம். இரண்டாவது கியரே போதும். 6,000 சுற்றிலும் வேகம் எண்பதைச் சுற்றித்தான் நிற்கும்.

ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டில் வெற்றிடம் போய்விடும்; ரெகுலேட்டர் பெட்ரோல் அழுத்தத்தைச் சற்று உயர்த்தியாக வேண்டும். இங்கே முள் முதலில் ஏறியது. ஐந்தாயிரத்தை நெருங்கியதும் சரிந்தது. ஏறவேண்டிய நேரத்தில் இறங்கினால், ஈசிஎம்மைக் குற்றம் சொல்ல இடமில்லை. பம்ப் முனையில் மீட்டரை வைத்தார்: பத்தரை வோல்ட். பேட்டரியில் பதின்மூன்றுக்கு மேல் இருந்தது. இருபது வயது ஒயரும் கறுத்துப்போன கனெக்டரும் வழியிலேயே மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தன. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், நடுவில் ஒரு ரிலே. செலவு சில நூறு ரூபாய்.

இப்போது 5,000 தாண்டியது. 6,000-ஐத் தொட்டதும் வேறு சத்தம், படபடவென்று.

6,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஐம்பது முறை திறந்து மூட வேண்டும். புதிய கேம் அதை இன்னும் உயரத் தூக்குகிறது. பழைய ஸ்பிரிங்கால் அந்த வேகத்தில் வால்வைத் திருப்பி உட்காரவைக்க முடியவில்லை. ஹெட்டைக் கழற்றி விழுப்புரத்தில் ஒரு லேத்துக்கு எடுத்துப்போனார்கள். லேத்துக்காரர் ஸ்பிரிங்குகளை மூலைமட்டத்தின் அருகே ஒவ்வொன்றாக நிறுத்தினார். மூன்று சாய்ந்து நின்றன. வெர்னியரில் நீளமும் குறைவு. பஸ் ஹெட்டுகளுக்கு நடுவே இதையும் அதே பொறுமையோடுதான் பார்த்தார். கேம் வாங்கும்போதே அதற்கேற்ற ஸ்பிரிங்கையும் வாங்கியிருக்க வேண்டும். பார்வைக்குத் தெரியும் சைலன்சருக்குச் செலவழிப்பவர்கள் உள்ளே ஒளிந்திருக்கும் ஸ்பிரிங்குக்குக் கணக்குப் பார்க்கிறார்கள்.

இந்த வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே மாற்றிய காரை நெடுஞ்சாலையில் விரட்டாதீர்கள். வேறு வண்டியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்குக் கொண்டுபோங்கள்.